போயா நாளில் சீனச் சாப்பாடு

கப்பலில் சாப்பாடு இரண்டு வகை. பெரிய கூடத்தில் போடுவது டிக்கெட்டிலேயே சேர்ந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். மேல் தளத்தில் சின்னச் சின்னக் கூடங்கள் தனியாக இருக்கும். இத்தாலிச் சாப்பாட்டுக்கு ஒன்று, ஜப்பான் சாப்பாட்டுக்கு ஒன்று, மாட்டுக்கறி மட்டும் போட ஒன்று. அங்கே உட்கார வேண்டுமென்றால் தனிக் காசு. பணக்காரர்கள்கூட அந்தக் காசைக் கொடுக்க யோசிப்பார்கள்.

அந்த விலை எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியும். நான் அங்கே பரிமாறுகிறவன் இல்லை. கீழே சட்டி கழுவுகிறவன். மேலே ஆள் இல்லாத நாளில் கீழே சட்டி குறைவாக வரும். கப்பல் புறப்படுகிற அன்று குறையும். எந்தக் கூடம் எங்கே இருக்கிறது என்றே அன்று பயணிகளுக்குத் தெரியாது. துறைமுகத்தில் நிற்கிற பகலில் குறையும். எல்லோரும் ஊர் பார்க்க இறங்கியிருப்பார்கள். கடல் கொந்தளிக்கிற நாளில் ஒன்றுமே வராது. அப்படிப்பட்ட நாட்களில் கூடத்து வாசலில் நிற்கிறவர் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு விலையைக் குறைத்துச் சொல்வார். ராத்திரிக்குப் பதில் மதியம் வருகிறேன் என்றால் இன்னும் குறைப்பார். வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு முழு விலைதான்.

கப்பலில் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆனால் நான் இந்த வித்தையைப் பயன்படுத்தியது கப்பலில் இல்லை. கண்டியில்.

நான் பிறந்ததே கண்டிக்கு மேலே ஹந்தானைத் தோட்டத்தில், லயத்தில்தான். லயம் என்றால் தொழிலாளிகளுக்குக் கட்டிய ஒரே வரிசை வீடுகள். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு இந்தியா வந்துவிட்டேன். இப்போது வீடு கோத்தகிரியில். அக்கா லெட்சுமி கல்யாணமாகி அங்கேயே நின்றுவிட்டாள். அவளுக்கு இலங்கை அடையாள அட்டை. எனக்கு இந்தியா பாஸ்போர்ட். நடுவில் கலவரம் வந்தது, யுத்தம் வந்தது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்றில், எனக்குக் கப்பலில் லீவு விட்டிருந்தபோது, அக்கா வரச் சொன்னாள். அவள் மகள் வசந்திக்கு நிச்சயதார்த்தம். அத்தான் செத்துப் போய் ரொம்ப நாளாகிறது. தாய்மாமன் வந்து நிற்க வேண்டும்.

கண்டியில் இறங்கியபோது நல்ல பசி. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தேன். கேட்காமலே ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மீன் வைத்த பாண் என்கிற ரொட்டி எல்லாம் குவித்திருந்தது. கப்பல் பழக்கம். மேசைக்கு வந்தது எல்லாம் நமக்குத்தான் என்று நினைத்து வரிசையாகத் தின்றேன். எதிர்க் கதிரையில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் ஒரே ஒரு ரோல்ஸைப் பிய்த்துத் தின்றுகொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை என்று பிறகு சொன்னார்.

"தம்பி இந்தியாவோ?"

ஆமாம் என்றேன்.

"இஞ்ச தட்டைச் சும்மா வைப்பினம். தொட்டதுக்குத்தான் காசு. நீர் எல்லாத்தையும் தொட்டுட்டீர்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த கட்லட்டை அவர் பக்கம் தள்ளினேன். ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

பால் போட்ட டீ கேட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். வெறும் சாயத்தில் இஞ்சி தட்டிப் போட்டு, சீனியைத் தனியாக உள்ளங்கையில் தருகிறார்கள். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். கோத்தகிரியில் நாங்களும் தேயிலைக் காட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அங்கே கடையில் கிடைப்பது தூசித் தூள். இங்கே டீயில் மணம் இருந்தது.

ஹந்தானைக்கு ஆட்டோவில் ஏறினேன். அங்கே த்ரீவீல் என்கிறார்கள். பாதி மேட்டில் அது நின்றுவிட்டது. டிரைவர் சிங்களப் பையன். இறங்கும்படி கையைக் காட்டினான். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நான் பின்னால் தள்ளினேன். ஸ்டார்ட் ஆனதும் நிற்காமல் போய்விட்டான். பெட்டி போயிற்று என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். மேட்டு முடிவில் நிறுத்தி வைத்துக் காத்திருந்தான். அங்கே நிறுத்தினால்தான் மறுபடி கிளம்பும் என்று கைச் சாடையில் சொன்னான்.

அக்கா வாசலில் நின்றாள்.  "வந்துட்டியா. கைகால் கழுவு" என்றாள். நாங்கள் அதிகம் பேசுகிற குடும்பம் இல்லை.

நான் கொண்டுபோனது ஒரு சேலை, வசந்திக்கு ஒரு கைக்கடிகாரம், கோத்தகிரி மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர். காலண்டர்தான் அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் தமிழில் போட்டிருக்கிறதே என்று உடனே ஆணி அடித்து மாட்டினாள். அன்றைக்கே அதில் நாள் பார்த்தோம். நிச்சயதார்த்தத்தை வருகிற பௌர்ணமியில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். காலண்டரில் சனிக்கிழமைக்குக் கீழே பௌர்ணமி என்று இருந்தது. சனிக்கிழமை என்று அக்கா லயம் முழுவதும் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை பேர் ரவி. டவுனில் ஹார்ட்வெயார் கடை. அப்பா இல்லை. அம்மா பார்வதியம்மாதான் கடையை நடத்துகிறார். கலவரத்தில் எரிந்த கடையைத் திரும்பக் கட்டியவர். வசந்தி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பையன் அவளைப் பஸ்ஸில் பார்த்துப் பிடித்துப்போய் வீட்டில் சொல்லியிருக்கிறான். பார்வதியம்மா சம்மதித்தார். ஒரு நிபந்தனை வைத்தார். சாப்பாடு லயத்தில் வேண்டாம். ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கும் பெரிய ஹோட்டலில், சீனச் சாப்பாட்டுக் கூடத்தில், தாய்மாமன் செலவில்.

அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று அக்காவைக் கேட்டேன்.

"அந்தம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவங்க சொந்தக்காரங்க கலைச்சி விட்டுருவாங்க."

வசந்தி பக்கத்து அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பேனா சத்தம் நின்றது. பிறகு திரும்ப ஆரம்பித்தது.

அக்கா இன்னொன்றும் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கப்பலில் பெரிய ஆபீசர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். தான் கப்பல் என்று மட்டும்தான் சொன்னாளாம்.

"கேட்டா என்ன சொல்லுவே?"

"சட்டி கழுவுறேன்னு சொல்லுவேன்."

"கேக்காட்டி?"

"சொல்ல மாட்டேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் வசந்தியும் நானும் ஹோட்டலுக்குப் போனோம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வாசலில் வெள்ளை உடுப்புக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே ஆளே இல்லை. யுத்தம் என்று வெளிநாட்டுக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. சீனக் கூடம் மாடியில். சிவப்பு விளக்கு, தங்கக் கலரில் பாம்பு மாதிரி ஒரு மிருகம், வட்ட மேசைகள். சமைப்பவர் சீனாக்காரர் இல்லை, பக்கத்துப் பேராதனைக்காரர் என்று தெரிந்துகொண்டேன். கப்பலிலும் இதே கதைதான். இத்தாலிக் கூடத்தில் சமைப்பது கேரளாக்காரர்.

கூடத்துப் பொறுப்பாளர் நிஸார் என்ற முஸ்லிம் மனிதர். அக்குறணைப் பக்கம். நரைத்த மீசை, கறுப்புக் கோட்டு. நான் நானா என்று கூப்பிட்டேன். அங்கே முஸ்லிம் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று வசந்தி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அவர் விலை சொன்னார். என் மூன்று மாதச் சம்பளம் போய்விடும். மெதுவாக ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு தடங்கல். அந்த ஹோட்டலில் இரண்டு விலை இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ஒன்று, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒன்று. இரண்டாவது டாலரில். நான் வாயைத் திறந்ததுமே நிஸார் நானாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க இந்தியாவா?"

"பொறந்தது இங்கதான்."

"பொறந்தத நான் கேக்கல்ல. ஐடென்டிட்டி காட் ஈக்குதா?"

இல்லை. அங்கிருந்து ஹந்தானை மேட்டைப் பார்த்தால் நான் பிறந்த லயம் தெரியும். ஆனால் நான் டாலர்க்காரன். வசந்தி கைப்பையைத் திறந்து தன் அட்டையை மேசையில் வைத்தாள். "என் பேர்ல எழுதுங்க. மாமா சும்மா கூட வந்தவரு" என்றாள். என் பக்கம் திரும்பி, "இனிமே நீங்க பேசாதீங்க மாமா" என்றாள். டீச்சர் குரல்.

பேசாமல் எப்படி விலையைக் குறைப்பது. கொஞ்ச நேரம் கழித்துப் பேசினேன். கூடத்தில் எந்த நாள் ஆள் வருவதில்லை என்று கேட்டேன். நானா என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும் இந்தத் தொழில்தானா?"

"கப்பல்ல. கீழ வேலை."

அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். இலங்கையில் பௌர்ணமிக்குப் போயா என்று பெயர். மாதாமாதம் லீவு. அன்றைக்கு மது விற்கக் கூடாது. இறைச்சிக் கடை பூட்டு. குடிக்கக் கிடைக்காது என்றால் சீனக் கூடத்துக்கு யார் வருவார்கள். "போயாக்கு ஹால் சும்மாதான் ஈக்கும். நான் இந்த விளக்கெல்லாம் தொடச்சிக்கிட்டு ஈப்பன்" என்றார்.

எங்கள் விசேஷமே பௌர்ணமியில்தான். எங்களுக்கு மதுவும் வேண்டாம், அன்று மாமிசமும் வேண்டாம். ராத்திரி வேண்டாம், மதியம் போதும். ஊர்க்காரர் விலை, போயா விலை, மதிய விலை. மூன்று கழிவு. தள்ளுபடிக்கு அங்கே அப்படித்தான் பேர். கடைசியில் அவர் சொன்ன தொகையை நான் கொடுக்க முடியும். அவர் பெரிய புத்தகத்தில் போயா, பகல், வசந்தி என்று எழுதினார். நானும் அவரும் கிழமையைச் சொல்லவில்லை. இருவருக்கும் அது தெரிந்த விஷயம்.

அடுத்த நாள் சம்பந்தியம்மாவைப் பார்க்கப் போனேன். தாய்மாமன் போய் முறையாக அழைக்க வேண்டும். கடையில் ஆணி, கம்பி, மண்வெட்டி, மண்ணெண்ணெய் விளக்கு. மேலே பார்த்தால் பழைய உத்தரம் ஒன்று கரிப் பிடித்துக் கறுப்பாக இருந்தது. அதை மாற்றவில்லை. உறுதியாகத்தான் இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்று அவரே சொன்னார்.

பார்வதியம்மா ஒல்லியான மனுஷி. பேசும்போதே கைகள் ஆணியை நிறுத்துக்கொண்டிருந்தன. எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். ஹோட்டல் விஷயத்தை அவரே எடுத்தார்.

"நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. எனக்கொண்ணும் இல்ல. எங்க ஆளுக ஒரு மாதிரி. லயத்துல கை நனைச்சோம்னு பேசிப் பேசியே அந்தப் புள்ளைய நாளைக்கி நோகடிப்பாங்க. பெரிய எடத்துல சாப்பிட்டுட்டா வாய அடைச்சிக்குவாங்க."

எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்றேன்.

"அப்ப வெள்ளிக்கெழம பன்னெண்டுக்கு மேல அங்க வந்துர்றோம்."

வெள்ளியா என்று கேட்டேன். அவர் ஆணித் தராசைக் கீழே வைத்தார். சுவரில் சிங்களக் காலண்டர் தொங்கியது. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மஞ்சள் நிலா. அரசாங்கத்துப் போயா வெள்ளி. கோத்தகிரி மளிகைக் கடைப் பௌர்ணமி சனி. இரண்டு நாட்டுக்கும் ஒரே நிலாதான். கணக்கு ஒரு நாள் தள்ளிப் போயிருக்கிறது.

சனிக்கிழமை என்றால் போயா இல்லை, கழிவு இல்லை, கூடத்தில் குடிக்கிற கூட்டம் இருக்கும். வெள்ளி என்றால் லயத்தில் யாருக்கும் தெரியாது. நடுவில் இருந்தது ஒரே நாள்.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிதான் என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினேன். த்ரீவீல் பிடிக்கவில்லை. தள்ள நேரமில்லை.

அக்கா கேட்டுவிட்டு எழுந்து காலண்டர் முன்னால் போய் நின்றாள். வெள்ளிக்கிழமை தாளைத் தூக்கிப் பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் பௌர்ணமி ஆரம்பம் என்று பொடி எழுத்தில் இருந்தது. ராகுகாலம் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். "அப்ப வெள்ளியும் சரிதான்" என்றாள். சாயந்திரம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போனாள். எல்லாப் பெண்களும் கூடையோடு வரிசையில் நிற்கிற நேரம். நாள் மாறிவிட்டது என்று வரிசையின் தலையில் சொன்னாள். வரிசையின் வாலுக்குச் செய்தி தானாகப் போயிற்று. போயாவுக்குத் தோட்டத்திலும் லீவு என்பது எங்களுக்கு நல்லதாயிற்று. சனிக்கிழமை என்றால் அரை நாள் வேலை போயிருக்கும்.

ஒரு கிழவி மட்டும் என்னைக் கேட்டாள். "இந்தியாவுல நெலா ஒரு நாள் பிந்தித்தான் வருமா தம்பி?"

ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோ கொழும்பில் குண்டு என்றது. எத்தனை பேர் என்று சொல்லவில்லை. லயத்தில் எல்லாக் கதவிலும் ஆட்கள் நின்றார்கள்.  கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து வந்த ஒருவர், டவுனில் தமிழ்க் கடைகள் பூட்டிவிட்டன, பஸ் ஓடவில்லை, சந்தியில் ஆமி, அதாவது ராணுவம், நிற்கிறது என்றார்.

கோத்தகிரியில் பந்த் என்றால் நாங்கள் நன்றாகத் தூங்குவோம். இங்கே அது வேறு. இவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தள்ளி வைக்கலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"தள்ளி வச்சா அவங்க ஆளுக அதையே சாக்காச் சொல்லி முடிச்சிருவாங்க. நான் போறேன். வாறவங்க வரட்டும்."

ராகுகாலத்துக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பினோம். நான், அக்கா, வசந்தி. தாம்பாளம் என் கையில். தேங்காய், வெற்றிலை, மஞ்சள், பூ, சேலை. மேலே சிவப்புத் துணி. பின்னால் திரும்பிப் பார்த்தபோது லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல சேலை, வெள்ளை வேட்டி, செருப்பைக் கையில் தூக்கியபடி. அடையாள அட்டை கைக்கு வந்து சேராத சில கிழவிகள் ரோட்டால் வரவில்லை. தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் திரும்பினார்கள்.

சந்தியில் நிறுத்தினார்கள். இளம் சிப்பாய். அக்காவின் அட்டையைப் பார்த்தான், வசந்தியின் அட்டையைப் பார்த்தான். என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ஓரமாக நிற்கச் சொன்னான். இன்றைக்கு இந்தியாக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குப் புரிந்தது.  வசந்தி சொன்னாள். இவர் என் அம்மாவின் தம்பி. இவர் இல்லாமல் எனக்கு நிச்சயம் நடக்காது. சாப்பிடப் போகிறோம்.

"இன்றைக்கா?" என்றான்.

"இன்றைக்குத்தான்" என்றாள்.

துணியை எடுக்கச் சொன்னான். தேங்காயை ரொம்ப நேரம் பார்த்தான். ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினான். உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் எனக்கும் கேட்டது. தன் ஊரில் வீட்டுக்குத் தேங்காய் வாங்கிப் பழக்கம் போலிருக்கிறது. நல்ல காய் என்று சொல்லித் திரும்ப வைத்தான். எங்கே சாப்பாடு என்று கேட்டான். ஹோட்டல் பேரைச் சொன்னதும், இன்று போயா, அங்கே குடிக்க ஒன்றும் தரமாட்டார்களே என்றான். தெரியும் என்றாள் வசந்தி. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

ஏரிக்கரையில் யாரும் இல்லை. வாத்து மட்டும் போய்க்கொண்டிருந்தது. புத்தர் கோவில் பக்கம் வெள்ளை உடுத்திய சிங்களப் பெண்கள் பூத்தட்டோடு வேகமாக நடந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள். நாங்களும் தட்டோடுதான் போனோம்.

ஹோட்டல் வாசலில் கிழவிகள் எங்களுக்கு முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை உடுப்புக்காரர் கதவைத் திறக்காமல் குழம்பிப்போய் நின்றார். நிஸார் நானா மாடியிலிருந்து இறங்கி வந்து, "எல்லாம் நம்ம புக்கிங்தான், உடுங்க" என்றார்.

எங்கள் பக்கத்து மேசைகள் நிறைந்தன. மாப்பிள்ளை வீட்டுக்காக ஒதுக்கிய மேசைகள் காலியாக இருந்தன. வெள்ளைத் துணி, மடித்து வைத்த கைக்குட்டை, தட்டுக்குப் பக்கத்தில் இரண்டிரண்டு குச்சிகள். தேயிலைச் செடியெல்லாம் ஒரே உயரமா என்று பார்க்கத் தோட்டத்தில் ஒரு நீளக் கம்பு வைத்திருப்பார்கள். லயத்துச் சின்னசாமி மாமா குச்சியை எடுத்து நீட்டிப் பார்த்தார். "கொழுந்து மட்டம் பாக்குற கம்புதான். குட்டி போட்டிருக்கு" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்குக் கேட்ட முதல் சிரிப்பு.

பன்னிரண்டு தாண்டியது. அக்கா வாசலைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வசந்தி கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கட்டியிருந்தாள், கண்ணாடி உள்பக்கமாக.

நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சமைச்சாச்சி. அந்தப் பக்கம் ஆக்கள் வராங்களோ என்னமோ. வந்த ஆளுக்கு மட்டும் நீங்க தந்தா போதும். மத்தத நான் பாத்துக்குறன். இன்டைக்கி ஒங்கள்ட்ட எப்புடி முழுசா வாங்குற?"

கடல் கொந்தளிக்கிற நாளில் கூடம் மலிவு. இங்கேயும் அதுதான் நடந்தது. கேட்காமலே விலை இறங்கியது எனக்கு அதுதான் முதல் தடவை. வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அப்போது படியில் செருப்புச் சத்தம். பார்வதியம்மா வந்தார். பின்னால் ரவி, கையில் அவர்கள் வீட்டுத் தாம்பாளம். வேறு யாருமில்லை. நடந்தே வந்திருக்கிறார்கள். சேலை ஓரமெல்லாம் புழுதி. காலி மேசைகளை ஒரு முறை பார்த்தார். தனக்காக ஒதுக்கிய தலைமை இடத்துக்குப் போகவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அந்த மேசையில் இருந்த கிழவிகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"கடைய முன்னால பூட்டிட்டு, பின்னால தெறந்து வச்சிருக்கேன். எங்க ஆளுகள்ல ஒருத்தரும் வெளிய வரல. அன்னைக்கி நடந்தது அவங்களுக்கு இன்னும் மறக்கல" என்றார்.

"ஒங்களுக்கு மறந்துருச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"சமைச்ச சாப்பாடு. வீணாப் போகக் கூடாதுல்ல."

தாம்பாளம் மாற்றினோம். நான் அவர் கையில் கொடுத்தேன். அவர் என் கையில் கொடுத்தார். சிவப்பு விளக்குக்குக் கீழே, தங்கப் பாம்புக்குக் கீழே. நானா ஓரத்தில் கை கட்டி நின்றார்.

பிறகு சாப்பாடு. சோறு, நூடுல்ஸ், காளான், முட்டைக்கோசு, பொரித்த பனீர் மாதிரி ஒன்று. கையால்தான் சாப்பிட்டோம். கொஞ்ச நேரத்தில் பெண்கள் சம்பல் கிடைக்குமா என்று கேட்டார்கள். பேராதனைச் சமையல்காரர் தனக்கு வைத்திருந்த தேங்காய்ச் சம்பலைச் சட்டியோடு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். கோத்தகிரியில் இந்தச் சம்பலைச் செய்து பார்த்திருக்கிறேன். வருவதில்லை. தேங்காயில் ஏதோ இருக்கிறது.

பாதிச் சாப்பாட்டில் பார்வதியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கப்பல்ல நீங்க என்ன வேல தம்பி?"

அக்காவின் கை தட்டில் நின்றது. வசந்தி தலை நிமிரவில்லை. ரவி அம்மாவைப் பார்த்தான்.

"சட்டி கழுவுறேன்."

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"அப்ப ஒங்களுக்குச் சாப்பாட்டப் பத்தித் தெரிஞ்சிருக்கும். இந்த நூடுல்ஸுல உப்பு இருக்கா?"

"கம்மி."

"அதான் பாத்தேன்" என்று சம்பலைப் போட்டுப் பிசைந்தார்.

அக்கா கை திரும்ப அசைந்தது.

மிஞ்சியதை நானா காகிதப் பெட்டிகளில் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டு மேசைகளின் பங்கு முழுவதும். பார்வதியம்மா பெட்டிகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை கழிவு கிடைத்தது என்று என்னிடம் கேட்டார். ஊர்க்காரர் கழிவு, போயாக் கழிவு, மதியக் கழிவு என்று சொன்னேன். கடைசிக் கழிவைப் பற்றியும் சொன்னேன். வியாபாரி அல்லவா. கவனமாகக் கேட்டார்.

"கழிவு குடுத்து என்ன, ஆள் வரணுமே" என்றார்.

பிறகு கிழவிகள் பக்கம் பார்த்தார். ஒருத்தி இரண்டு குச்சிகளையும் கொண்டையில் செருகிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணச் சாப்பாடு இங்க வேணாம். லயத்து வாசல்ல பந்தல் போடுங்க. நாங்க வர்றோம். எங்க ஆளுக வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

 அக்கா தாம்பாளத்துத் துணியைச் சரிசெய்தாள். தேங்காயை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"மழ இல்லாத மாசமாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"பாக்குறேன். எங்க கடைக் காலண்டர்ல பாக்குறேன்" என்றார் பார்வதியம்மா. "ஒங்க தம்பி கொண்டாந்ததுல பாத்துறாதீங்க."